சிறிய அறைக்கு நெடிய ஒலிபெருக்கி

வீட்டிலே நல்லிசை கேட்க விரும்புவோரின் கண்ணுக்கு, நிலத்தில் நின்று நெஞ்சளவுக்கு உயரும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் கம்பீரமான காட்சியாகும். புதியனவாக வாங்குவதற்கு அவற்றின் விலை பலருக்கு எட்டுவதில்லை. ஆயின், வெளிநாடு செல்வோர் தம் வீட்டுப் பொருள்களை விற்கும்போதும், பழைய வானொலிகளைத் திருத்துவோரின் கடைகளிலும், ஒருவர் ஆண்டு கழித்த சோடிகள் புதிய விலையின் சிறு பங்குக்குக் கிடைப்பதுண்டு. வாங்குபவர் விற்பவரின் விசாலமான மண்டபத்தில் ஒரு பாட்டைக் கேட்கிறார், மனம் நிறைகிறது, பணத்தைக் கொடுத்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிறார். தம் வீட்டின் பன்னிரண்டு அடி நீளமும் பத்தடி அகலமுமான அறையில் அவற்றை வைத்து இயக்கியவுடன், செய்தி வாசிப்பவர் குடத்தினுள் வாய்வைத்துப் பேசுவதுபோலக் கேட்கிறது. ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயம் எழுகிறது. திருத்துநர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே குறை ஒன்றும் இல்லை.

குறை எங்கே உளது? பெட்டியிலும் அன்று, அறையிலும் அன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தத்திலேதான் உளது. இப்பொருத்தத்தை முன்கூட்டியே அறிதல் அரிதன்று. ஓர் அளவு நாடாவும் சிறிது கணக்கும் இருந்தாற் போதும்.

நெடும்பெட்டி ஏன் தோன்றியது என்பதை முதலில் நோக்கல் வேண்டும். கொழும்பில் ஒலிபரப்பு முறைப்படி தொடங்கிய 1925ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் தாம் ஆக்கிய ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். காந்தப் புலத்தில் நிற்கும் ஒரு கம்பிச்சுருள் கடுதாசிக் கூம்பை முன்னும் பின்னும் அசைக்கும் அந்த ஏற்பாடே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் உயிர். கூம்பு முன்னே தள்ளும்போது முன்னுள்ள காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்னுள்ள காற்று தளர்கிறது. இவ்விரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றி ஒன்றையொன்று சேர்ந்தால் கீழ்ச்சுரங்கள் அழிந்துபோகும். அவற்றைப் பிரித்து வைப்பதற்கே பெட்டி வேண்டப்படுகிறது. அக்காலத்து அம்பிளிபையர்கள் சில உவாற்று வலுவையே தரவல்லன. அவ்வளவு சிறிய வலுவைக்கொண்டு அறையை நிரப்புவதற்குப் பெரிய கூம்பும், அது தடையின்றி அசைவதற்குப் பெரிய பெட்டியும் தேவைப்பட்டன.

1954ஆம் ஆண்டில் எட்கார் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் இந்த நிலையை மாற்றினார். காற்றுப் புகாது மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தினார். புத்தக அலுமாரியில் வைக்கத்தக்க பெட்டியொன்று ஆழமான கீழ்ச்சுரத்தை எழுப்பியது. 1961இல் அவுஸ்திரேலியாவில் நெவில் தீலும், அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் றிச்சட் ஸ்மோலும் வெளியிட்ட ஆய்வுகளால், பெட்டியின் கொள்ளளவும் கூம்பின் இயல்பும் தெரிந்தால் அதன் கீழ்ச்சுரம் எவ்வளவு தாழும் என்பதைக் கணக்கிட்டே சொல்லக்கூடிய நிலை வந்தது. அக்கணக்கு ஒரு கண்டிப்பான உண்மையையும் உரைத்தது. சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ச்சுரம், குறைந்த வலுவில் உரத்த ஒலி என்ற மூன்றையும் ஒருங்கே பெற முடியாது; இரண்டைப் பெற விரும்புவோர் மூன்றாவதை விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

ஆகவே பெரிய பெட்டிக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது ஒன்றில் ஆழ்ந்த கீழ்ச்சுரம், அல்லது உரத்த ஒலி. சிறிய அறையில் இருப்பவருக்கு இவ்விரண்டும் எவ்வளவு தேவை என்பதே கேள்வி. உரத்த ஒலியின் தேவை மிகக் குறைவு. ஒலிபெருக்கியின் உணர்திறனை, ஒரு உவாற்று வலுவில் ஒரு மீற்றர் தொலைவில் எத்தனை தெசிபெல் ஒலி எழும் என்று குறிப்பிடுவர். 87 தெசிபெல் தரும் பெட்டிக்கு, 90 தெசிபெல் தரும் பெட்டியைப்போல இரு மடங்கு வலு வேண்டும். இஃது ஒரு மண்டபத்திலே பெரிய வேறுபாடு. இரண்டு மீற்றர் தொலைவில் நாற்காலி போட்டு அமர்பவருக்கோ இரண்டு உவாற்றுக்குப் பதிலாக நான்கு உவாற்றுச் செலவாகும், அவ்வளவே. ஆழ்ந்த கீழ்ச்சுரத்தைப் பொறுத்தவரை அறை தானே ஒரு பங்கைச் சேர்த்துவிடுகிறது. சங்கடம் தொடங்குவதும் அங்கேதான்.

வெப்பமான நம் நாட்டுக் காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1145 அடி செல்லும். பன்னிரண்டு அடி நீளமுள்ள அறையில், எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பும்போது, அந்த நீளத்தின் இரு மடங்கான 24 அடி அலைநீளங்கொண்ட சுரம் மட்டும் தன்னோடு தானே ஒத்திசைந்து ஓங்குகிறது. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பர். 1145ஐ 24ஆற் பிரித்தால் இந்தச் சுரத்தின் மீடிறன் ஏறத்தாழ 48 எனக் கிடைக்கும். பத்தடி அகலத்துக்கு 57, ஒன்பதடி உயரத்துக்கு 64. இவற்றின் இரு மடங்குகளான 95, 115, 127 ஆகியனவும் அதே அறையில் ஓங்கும். இவ்வெண்களைச் சற்றே கவனித்தல் நன்று. ஆண்களின் பேச்சுக்குரலின் அடிச்சுரம் பொதுவாக 85க்கும் 180க்கும் இடையில் நிற்பது. செய்தி வாசிப்பவர் குடத்தினுள் பேசுவதுபோலக் கேட்பதன் காரணம் இப்போது தெளிவாகும். அவர் குரலின் ஒரு பகுதியை அறை பிடித்துவைத்து நீட்டுகிறது. நெடும்பெட்டி அந்தப் பகுதியை மிகுதியாக ஊட்டுகிறது.

நீளமும் அகலமும் சமமான அறையே மிகத் தொல்லை தருவது. பத்தடிக்குப் பத்தடியான அறையில் 57 என்ற மீடிறன் இரு திசைகளிலும் ஒருசேர ஓங்கும். உயரமும் பத்தடியாயின் மூன்று திசைகளிலும் ஓங்கும். அத்தகைய அறையில் நெடும்பெட்டி வைப்பதைக் கைவிடுதலே அறிவுடைமை. விற்பவர் எவ்வளவு விலையைக் குறைத்தாலும் அது மலிவாகாது.

அமரும் இடமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஓங்கும் முதற் சுரம் சுவரோரங்களில் மிகுந்தும் அறையின் நடுவில் மிக மெலிந்தும் நிற்கும். நடு அறையில் நாற்காலி போட்டவர் கீழ்ச்சுரமே இல்லை என்று குறைகூறுவார். சுவரில் முதுகு சாய்த்துக் கட்டிலில் அமர்ந்தவர் அதே பெட்டி முழங்கித் தள்ளுகிறது என்பார். இருவர் கூற்றும் மெய். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரம் பெருகும்; மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். சிறிய அறையில் சுவரிலிருந்து விலக்கி வைப்பதற்கு இடம் ஏது? இரண்டடி முன்னே நகர்த்தினால் கதவு திறக்காது, அல்லது மேசை இடிக்கும். வீட்டிலுள்ள ஏனையோரின் எதிர்ப்பும் எழும். ஆதலின், வாங்குமுன் பெட்டியின் அடியளவுக்கு இரண்டு கடுதாசி மட்டைகளை வெட்டி, அவை நிற்கக்கூடிய இடத்தில் நிலத்தில் இட்டு, சில நாட்கள் அவற்றைச் சுற்றி நடந்து பார்ப்பது வீண்வேலையன்று.

நம் நாட்டு வீடுகளுக்கென ஒரு தனி இயல்பும் உண்டு. செங்கற் சுவர், சீமெந்துப் பூச்சு, பளிங்குபோன்ற தரை ஆகியன ஒலியை அதிகம் உறிஞ்சுவதில்லை; மெல்லிய பலகைச் சுவர் அதிர்ந்து கீழ்ச்சுரத்தின் ஒரு பகுதியை விழுங்கும், கற்சுவர் அதைத் திருப்பியே அனுப்பும். இதற்கு ஈடாக இங்கே ஒரு வாய்ப்பும் உளது. அதுதான் திறந்த சன்னல். கட்டட ஒலியியலின் தந்தை எனப்படும் உவாலஸ் சபின் என்ற ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1895இலிருந்து ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியை ஆராய்ந்தபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, அவை எவ்வளவு ஒலியை உறிஞ்சுகின்றன என்று அளந்தார். அவர் அளவுகோலாகக் கொண்டது திறந்த சன்னலையே. அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வராதன்றோ! பனிநாட்டார் மாரியில் அடைத்து வாழும் அறையைவிட, இருபுறமும் சன்னல் திறந்த கொழும்பு அறை ஒலிக்கு இணக்கமானது. தெருவின் இரைச்சலும் அயலாரின் பொறுமையும் வேறு கேள்விகள்.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னரும் நெடும்பெட்டியே வேண்டும் என்பவர் எத்தகையதைத் தேடலாம்? ஒடுங்கிய முகமும், ஐந்து முதல் ஆறரை அங்குலக் கூம்பும் உடைய பெட்டி பொதுவாக ஏற்றது. எட்டு, பத்து அங்குலக் கூம்புகள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கியவை சிறிய அறைக்கு ஆகா. கீழ்ச்சுரம் ஒரு கூம்பிலும் மேற்சுரம் இன்னொன்றிலும் பிறக்க, அவை கலந்து ஒன்றாவதற்குச் சிறிது தொலைவு தேவை. இரண்டு மீற்றரில் அமர்பவருக்கு, உயரத்தில் பரந்து கிடக்கும் மூன்று நான்கு கூம்புகள் வெவ்வேறாகவே கேட்கக்கூடும். பாடகியின் குரல் நெற்றியிலிருந்தும் மார்பிலிருந்தும் தனித்தனியே வருவது போன்ற விந்தை நிகழும். ட்வீற்றர் எனப்படும் மேற்சுரக் கூம்பு, அமர்ந்தவரின் காதளவான மூன்றடி உயரத்தை அண்டி இருத்தல் வேண்டும்.

பெட்டியில் காற்றுத்துளை உண்டா, எங்கே உண்டு என்பதும் கவனிக்கத்தக்கது. பின்புறத்துளை சுவரோடு ஒட்டி நிற்க விரும்பாது. துளையில்லாத மூடிய பெட்டியின் கீழ்ச்சுரம் படிப்படியாகத் தணிவதால், சிறிய அறை சேர்க்கும் மிகையை அது ஓரளவு ஈடுசெய்யும். பழைய சந்தையில் மூடிய பெட்டி கிடைத்தால் அதை முதலில் நோக்குதல் தகும்.

நெடும்பெட்டிக்காக வாதாடுவோர் ஒரு நியாயம் சொல்வர்: சிறுபெட்டியைத் தாங்கும் காலும் அதே அளவு நிலத்தைத்தானே பிடிக்கிறது? இது சரியே. ஆயினும் சிறுபெட்டியின் தகுதியைக் குறைத்து மதித்தல் ஆகாது. பி. பி. சி. நிறுவனத்தின் ஆய்வுப் பகுதியினர், வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களின் ஒடுங்கிய இடத்தில் வைத்து ஒலியின் தரத்தைக் கணிப்பதற்கென 1970களில் எல். எஸ். 3/5 ஏ என்ற பெட்டியை உருவாக்கினர். அதன் உயரம் ஓரடி, அகலம் ஏழரை அங்குலம். ஆழ்ந்த கீழ்ச்சுரம் அதில் இல்லை. பேச்சுக்குரலோ உள்ளபடி ஒலித்தது. அதனாலேயே பல்லாண்டுகள் கழிந்தும் பலர் அதைத் தேடி வாங்கினர். பத்தடிச் சதுர அறையில் வாழ்பவருக்கு அத்தகைய பெட்டியே துணை.

இனி, ஒருவர் கைப்பட்ட பெட்டியைப் பரிசோதிக்கும் முறையைக் கவனித்தல் வேண்டும். துணிமூடியை முதலில் கழற்றுக. கழற்ற வேண்டாம் என்று தடுக்கும் விற்பனையாளரிடம் விடைபெற்றுக்கொள்ளலாம். கூம்பின் புறவிளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது றப்பராயின் நெடுநாள் உழைக்கும். நுரைப்பஞ்சாயின், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பதினைந்து இருபது ஆண்டுகளில் ஈரமும் வெப்பமும் அதை அரித்துவிடும். நம் கரையோர ஈரக்காற்றில் இன்னும் விரைவாகவே அரிக்கும். விரல்நுனியால் மெல்லத் தொடும்போது பிசுபிசுத்தாலும் துகளாக உதிர்ந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. புதிய வளையம் ஒட்டிக்கொள்ளலாம்; கைதேர்ந்தவர் ஒட்டினால் பெட்டி மீண்டும் உயிர்பெறும். அச்செலவை விலையிற் கழித்தே பேசுதல் வேண்டும். ஒரு பெட்டிக்கு மட்டும் ஒட்டப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்து ஒலிக்கின்றனவா என்று சோதித்தல் அவசியம்.

அடுத்து, பெரிய கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்துக. உரசும் ஓசை கேட்டால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் இடம்பெயர்ந்தோ வெந்தோ போயிற்று. மூடிய பெட்டியாயின், அழுத்திய கூம்பு சற்றே தயங்கித் திரும்பும். உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ட்வீற்றரின் குவிமுகத்தை மாத்திரம் தொடலாகாது. அது மென்மையானது, முன்னரே ஒரு சிறுவனின் விரல் அதைத் தொட்டுப் பார்த்திருக்கவும் கூடும். குழிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

மின்தடையை அளக்கும் பல்மானி ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுதல் நன்று. எட்டு ஓம் என்று குறிக்கப்பட்ட பெட்டியின் முனைகளில் அது ஏறத்தாழ ஆறு ஓம் காட்டும். நான்கு ஓம் பெட்டியில் மூன்று அல்லது மூன்றரை. எண்ணின் பருமனைவிட, சோடியின் இரு பெட்டிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதே முதன்மையானது. ஆயினும் இவ்வளவீடு ட்வீற்றரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இடையிலுள்ள கொள்ளளவி நேரோட்டத்தைத் தடுத்துவிடும். ட்வீற்றர் வேலை செய்கிறதா என்பதைக் காதை அருகில் வைத்தே அறிதல் வேண்டும். முப்பது ஆண்டு கடந்த பெட்டியினுள் மின்பகுபொருட் கொள்ளளவிகள் உலர்ந்து, மேற்சுரம் மங்கியிருக்கக்கூடும். அவற்றை மாற்றுவது சிறு செலவு. அதற்காக ஒரு நல்ல பெட்டியைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

பெட்டியின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்க்கத் தவறலாகாது. அழகிய மரத்தோலின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அழுத்திய மரத்தூட் பலகை. தரை கழுவும் நீர் பலகாலும் பட்டிருந்தால் அது பொருமி, மூலைகள் விரிந்திருக்கும். அதைச் சீர்செய்ய வழியில்லை. கறையான் மண்ணின் தடமும் காற்றுத்துளையினுள் எலியின் கூடும் காணப்படின், பெட்டியோடு வேறு விருந்தினரும் வீட்டுக்கு வருவர்.

கேட்டுப் பார்ப்பதற்கு எதைத் தெரிவது? விற்பவர் தம் பெட்டியின் பெருமையை முழக்கும் இசைத்தட்டையே போடுவார். வாங்குபவர் பேச்சைக் கேட்டல் வேண்டும். வானொலி நேயர்க்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு; நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் ஒன்று அவர்தம் காதிலே அளவுகோலாக இருக்கிறது. பி. பி. சி. ஆய்வாளரும், பேசும் ஒருவரின் நேர்க்குரலையும் ஒலிபெருக்கி வழியே வரும் அவர் குரலையும் ஒப்பிட்டே தம் பெட்டிகளைச் செப்பனிட்டனர். மனிதக் குரலில் பொய் கலந்தால் காது உடனே கண்டுகொள்ளும். மத்தளத்தின் அதிர்வில் கலந்த பொய்யை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்.

இரு பெட்டிகளிலும் ஒரே பேச்சு ஒலிக்கும்போது, குரல் அவற்றின் நட்டநடுவே ஒரு மனிதன் நிற்பதுபோல வருதல் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் சோடி ஒவ்வவில்லை. நடுவில் ஒன்றுமின்றி அறையெங்கும் சிதறி, கீழ்ச்சுரமும் மெலிந்திருந்தால் பெரும்பாலும் ஒரு கம்பி தலைமாறி மாட்டப்பட்டுள்ளது; மாற்றி மாட்டிக் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறலாம். பேச்சுக்குப் பின் நாதசுரம் கேட்கலாம். ட்வீற்றரில் குறையிருந்தால் அதன் உச்சச் சுரங்களில் கரகரப்பு வெளிப்படும். இயலுமாயின் முற்பணம் கொடுத்து, இரண்டு நாட்கள் தம் அறையிலேயே வைத்துக் கேட்க உடன்பாடு செய்துகொள்ளுதல் மிகச் சிறந்தது. நேர்மையான விற்பனையாளர் பலர் இதற்கு இசைவர்.

வீட்டுக்கு வந்த பெட்டிக்கு இடம் தெரிவதில் ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரு பெட்டியை எடுத்து, தாம் அமர்ந்து கேட்கும் நாற்காலியிருக்கும் இடத்தில் வைத்து, தாழ்ந்த குரலில் ஒருவர் பேசும் நிகழ்ச்சியை ஒலிக்க விடுக. பின்னர் பெட்டிகளை வைக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றிலும் முழங்காலிட்டுக் குனிந்து கேட்டுச் செல்க. எந்த இடத்தில் அக்குரல் முழக்கமின்றித் தெளிவாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் நாற்காலியில் இருப்பவருக்கும் கீழ்ச்சுரம் அவ்வாறே கேட்கும். பார்ப்பவர் நகைப்பர், ஒலியோ இரு திசையிலும் ஒரே விதிக்கு அடங்கியது. அதன்பின்னும் முழக்கம் எஞ்சியிருந்தால், காற்றுத்துளையினுள் ஒரு சோடிப் பழைய காலுறையைச் சுருட்டிச் செருகிப் பார்க்கலாம். ஒடுங்கிய நெடும்பெட்டிகள் வழுக்கும் தரையில் எளிதிற் சரியும் இயல்பின. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றைச் சுவரோடு ஒரு பட்டியாற் பிணைத்துவிடுதல் வேண்டும்.